மயிலாளோட மூத்திரப் பாடு

"என்ர மூத்திரத்துக்கு நீங்களா வரி கட்டறீங்க?"

இப்படிக் கேட்டவ மயிலாள். கேட்டது லைன் ஊட்டுச் சொந்தக்காரி பழனாயிகிட்ட. பழனாயி கக்கூஸ் கதவுல சாஞ்சு நின்னுக்கிட்டு, ஒரு கையில பூட்டு, ஒரு கையில சாவி, ரெண்டையும் ஆட்டிக்கிட்டு இருந்தா. காலங்காத்தால. எட்டு ஊட்டுச் சனமும் சொம்பும் கையுமா வரிசையில நிக்குது. ஒருத்தியாவது போதும் உடுங்கன்னு சொல்லோணுமே? மூக்கைச் சீலையில பொத்திக்கிட்டு வேடிக்கை பாக்கறாளுக. தூ.

பழனாயி விடுவாளா? "நான் கட்டாம உங்கப்பனா கட்டறான்? கக்கூசு என்ரது. உள்ள போயிப் பாரு. பீங்கான் பூராச் செக்கச்செவேர்னு கெடக்குது. ரத்தமாப் பேஞ்சு வெச்சிருக்கறே. மத்தவிய காலு வைக்கறதா வேண்டாமா?"

"ரத்தமில்லீங்க. மாத்திரைங்க."

"எந்த ஊரு மாத்திரைடி மூத்திரத்தைச் செவப்பாக்குது? வயித்துக்குள்ள சாயப்பட்டறை நடத்தறயா?"

எல்லாரும் கொல்லுனு சிரிச்சாளுக. அந்தச் சிரிப்பு அடங்கங்காட்டி, வரிசையில கடைசியா நின்ன ஒருத்தி மெதுவாச் சொன்னா. "அந்த மாத்திரையா? எங்க சின்ன மாமனாருக்கும் குடுத்தாங்க. அது பெருவியாதிக்குக் குடுக்கறது."

அவ்வளவுதான். சொம்பெல்லாம் ரெண்டடி பின்னால போச்சு. முந்தின நாள்கூட மயிலாள்கிட்ட ஒரு கரண்டி புளிக்கரைசல் வாங்கிட்டுப் போனவ ஒருத்தி, அந்தக் கையச் சீலையில தொடச்சுக்கறா. பழனாயி கதவை இழுத்துப் பூட்டிப் போட்டா. "இனி இந்தக் கக்கூசுல நீ காலு வைக்கப்படாது. மாசம் பொறக்கறதுக்குள்ள ஊட்டைக் காலி பண்ணு."

"காலி பண்றனுங்க. அதுவரைக்கும் எங்க போறதுன்னு சொல்லிப்போடுங்க. உங்க வாசல்லயா?" ன்னா மயிலாள்.

சண்டையிலகூட அந்த 'ங்க'வை விடமாட்டா. மரியாதையாவே மொகத்துல காறித் துப்பறவ அவ. இப்ப உசுரோட இல்ல. மூத்திரத்துல ஆரம்பிச்ச சங்கடம் கடைசியில கிட்னியில போயி முடிஞ்சுது. ஆனா அவ செத்ததப் பத்தி நான் சொல்ல வரல. சாவுறது எல்லாரும் சாவுறதுதான். ஆரையும் கேக்காம மூத்திரம் போறதுக்கு ஒரு எடம். அவ ஆசைப்பட்டது அது ஒண்ணுக்குத்தான். பங்களா கேக்கல, பவுன் கேக்கல. அதுக்கு அவ பட்ட பாடு இருக்குதே, நெனச்சாக் கொமட்டுது. அவ மேல இல்லீங்க. மத்த சனத்து மேல.

மூலனூர்ப் பக்கம் அவளுக்கு. முருங்கைக்காய்க் கட்டுக் கட்டற ஊட்டுல பொறந்தவ. நூல் லாரி ஓட்டற ஒருத்தனைக் கட்டிக்கிட்டு எம்பத்தி ஒண்ணுலயோ ரெண்டுலயோ திருப்பூருக்கு வந்தா. புள்ளை குட்டி இல்ல. நானும் அவளும் ஒரே கம்பெனி, பக்கத்துப் பக்கத்து ஊடு. பொம்பளைக போடற ஜட்டி தெச்சு வெளிநாட்டுக்கு அனுப்பற கம்பெனி அது. அவளுக்குச் செக்கிங். பீசைத் திருப்பித் திருப்பிப் பாத்து, ஓட்டை இருந்தா ஒதுக்கி, நீட்டிக்கிட்டு இருக்கற நூலை வெட்டி விடோணும். எனக்கு மடிச்சு அடுக்கற வேலை.

மொதல்ல அவ வெரலுலதான் ஆரம்பிச்சுது. மார்கழியில பைப்புத் தண்ணியத் தொட்டாப் போதும், நுனியெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகும். கொஞ்சம் போனா நீலம் பாரிக்கும். ப்ளீச்சிங் துணி தொடறதால வருதுன்னு ஒருத்தி சொன்னா. பித்தம்னு ஒருத்தி. இஞ்சித் தண்ணி குடின்னு ஒருத்தி. ரெண்டு மூணு வருசத்துல வெரலு தடிச்சு, தோலு இறுகி, மடங்க மாட்டீங்குது. நூல் வெட்டற குட்டிக் கத்திரியை அழுத்த முடியாம ரெண்டு கையாலயும் புடிச்சு வெட்டுவா. மொகமும் அப்படித்தான். ஒரு சுருக்கம் இல்லாம பளபளன்னு இழுத்துக்கிச்சு. கம்பெனிப் பொண்ணுக "என்னங்க்கா கிரீம் போடறீங்க?"ன்னு கேட்டுச்சுக. கழுதைக. வாயை முழுசாத் தொறக்க முடியாம அவ சோத்தைக் குருவிக்கு உருட்டற மாதிரி உருட்டித் திங்கறது அதுக கண்ணுக்குத் தெரியல.

அப்பறந்தான் இந்த மூத்திரம். வந்துச்சுன்னா உடனே போயாகோணும். எந்திரிக்கறதுக்குள்ள சொட்டும். போயிட்டு வந்து ஒக்காந்தா மறுபடி வரும். இவளும் என்ன பண்ணுனா, தண்ணி குடிக்கறதையே நிறுத்திப்போட்டா. ஒதடு வெடிச்சுக் கெடக்கும், ஒரு வாய் குடிக்க மாட்டா. அப்படியும் நிக்கல. மூத்திரம் கொழகொழன்னு, காடியாட்ட நாறிக்கிட்டு வந்துச்சு.

கம்பெனிக் கக்கூஸ் சங்கதியச் சொல்றேன், சாப்புட்டுக்கிட்டு இருந்தீங்கன்னாத் தட்டை அக்கட்டால வெச்சிருங்க. பொம்பளைக அத்தனை பேருக்கும் ஒண்ணே ஒண்ணு. கதவுக்கு அடியில பாதி இல்ல. பீங்கான் மஞ்சக் கல்லாட்ட ஆயிருச்சு. அதுக்கும் ஒரு பூட்டு. சாவி சூப்பர்வைசர் கிட்டுசாமி மேசை மேல இருக்கும். தொலைஞ்சு போவக் கூடாதுன்னு சாவிய ஒரு காலி நூல் கோன்ல கட்டி வெச்சிருந்தான். மொழ நீளத்துக்கு மஞ்சக் கோனு. அதைக் கையில தூக்கிக்கிட்டு, டெய்லருக ஓவர்லாக் மிசின் ஓட்டற சந்து வழியா நடந்து போகோணும். ஒருத்தி மூத்திரம் போறான்னு ஊருக்கே தமுக்கடிக்கற மாதிரி. மிசினை நிறுத்திப்போட்டு இளிப்பானுக. அவனுக ஆத்தா மூத்திரமே போனதில்ல பாருங்க.

மயிலாள் அந்தக் கோனை எத்தனை தடவை எடுப்பா? ஒரு நாள் கிட்டுசாமி எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "ஏன் அம்மிணி, கோனை ஊட்டுக்கே கொண்டு போயிர்றயா?"ன்னான்.

"கொண்டு போறனுங்க," ன்னா இவ. "உங்க ஊட்டுல அம்மிணிக்கு வேற கோன் இருக்குதுங்களா? இல்லீன்னா அவிய எப்படிப் போவாங்க?"

டெய்லருக சிரிப்பு அவன் பக்கம் திரும்பிருச்சு. ஆம்பளைக்கு அது பொறுக்குமா? மறுநாள்ல இருந்து சாவிய மேசை டிராயருக்குள்ள போட்டுக்கிட்டான். கேட்டாத்தான் குடுப்பான். கேட்டாலும் கையில இருக்கற பீசுக் கட்டை முடிச்சுட்டு வான்னுவான்.

ஒரு நா கட்டு முடியல. கிட்டுசாமி கணக்குப் பாத்துக்கிட்டே நிமிந்து பாக்கல. இவ மேசைக்கு முன்னால நின்னுக்கிட்டே, "ஏனுங்க... ஏனுங்க..."ன்னு கூப்புடறா. அப்படியே போயிருச்சு. காலோட ஒழுகி, கீழ அடுக்கி வெச்சிருந்த வெள்ளைப் பீசுக் கட்டு மேல. எல்லாரும் பாத்தாங்க. கிட்டுசாமி எந்திரிச்சு, மூக்கைப் பொத்திக்கிட்டு, "வெளிய போ"ன்னான். அன்னையோட வேலை போச்சு.

அந்த நனைஞ்ச பீசை என்ன பண்ணுனான்னு கேளுங்க. தூக்கியெறிஞ்சானா? அலசக்கூட இல்ல. மாடியில வெயில்ல போட்டுக் காயவெச்சு, தேச்சு, கண்ணாடிக் காகிதத்துல மடிக்கச் சொன்னான். மடிச்சது நாங்கதான், எங்களுக்குத் தெரியாதா? எந்தச் சீமைக்காரி மாட்டிக்கிட்டாளோ, பாவம். பேஞ்சவ நாறுறான்னு தொரத்திப்போட்டான். பீசு மட்டும் மணந்துச்சாமா அவனுக்கு.

புருசங்காரன் சேதி இன்னும் மோசம். ஊடு மாட்டுக்கொட்டாய் மாதிரி நாறுதுன்னு சொல்லிப் பாயைத் தூக்கிக்கிட்டு லாரியில படுக்கப் போனான். அவன் என்ன சந்தனமா? பீடியும் சாராயமும் அக்குள் வேர்வையும் கலந்து, அவன் நடந்து போனா நாய் எந்திரிச்சு வேற பக்கம் போகும். அத்தனை வருசம் அதை மோந்துக்கிட்டுப் படுத்தவ இவ. லாரியில படுத்தவன் கணியூர்ப் பக்கம் எவளோ ஒருத்திய வெச்சுக்கிட்டு அங்கயே தங்கிட்டான். இவ தேடிப் போகல. "போனாப் போறானுங்க்கா. தொவைக்கற துணியில பாதி கொறஞ்சுது," ன்னா.

அந்தச் சமயத்துல பெருவியாதி இருக்குதான்னு ஊடு ஊடாத் தோலைப் பாத்துக்கிட்டு சர்க்கார் ஆளு ஒருத்தன் வந்தான். நோட்டைத் தூக்கிக்கிட்டு. இவ கையைப் பாத்தான், நெஞ்சுல உப்பும் மொளவும் தூவுனாப்பல திட்டுத் திட்டா இருந்ததைப் பாத்தான். கையைத் தொட்டுக்கூடப் பாக்கல. பெருவியாதின்னு சொல்லிப்போட்டான். மாத்திரை குடுத்தான். மூத்திரம் செவப்பாப் போகும், பயந்துக்காதேன்னும் சொல்லியிருக்கறான். இவ அதை ஆருகிட்டச் சொல்லுவா? மாத்திரையச் சொன்னா வியாதியச் சொல்லோணுமே. எங்கிட்டக்கூட மூச்சு விடல. கடைசியில பழனாயி பூட்டோட நின்ன அன்னைக்கு மயிலாள் வாயில இருந்தே விழுந்துச்சு மாத்திரைங்கற அந்த வார்த்தை.

கக்கூசைப் பூட்டுனதுக்கப்பறம் ஊட்டுக்குள்ள ஒரு பக்கெட்டு வெச்சுக்கிட்டா. பழைய பெயிண்டு டப்பா. ஊரடங்குனதுக்கப்பறம் மூடிக்கொண்டு போயிச் சாக்கடையில ஊத்துவா. சாக்கடைக்குள்ள எல்லாரூட்டுப் புள்ளைக்கழிவும் ஓடுது, அது தப்பில்ல. இவ ஊத்துனாத் தொத்திக்குமாம். பக்கெட்டுல குக்கி உக்காரவும் முடியாது அவளுக்கு. முட்டி மடங்காது. செவுத்தைப் புடிச்சுக்கிட்டுப் பாதி நின்ன மாதிரி, பாதி உக்காந்த மாதிரி. பாதி டப்பாவுல, பாதி தரையில. நான் போயித் தொடைச்சு விட்டா வைவா. "உங்களுக்கு வேற வேலை இல்லீங்களா?"

"இருக்குது. இந்த நாத்தம் என்ர ஊட்டுக்கு வருதே, அதுக்கோசரம் தொடைக்கறேன்," ன்னேன்.

"அப்பச் சரிங்க. தொடைங்க," ன்னா.

அப்படியே ஒரு வாரம் போகல, குளிர் காய்ச்சல். போர்வை போர்வையாப் போத்துனாலும் கட்டில் ஆடுது. அடிவயிறு கல்லாட்ட. நான் கோயமுத்தூர்ப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். பஸ்ல ஏறுனதுல இருந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு வாரா. அவிநாசி தாண்டல, சீட்டுல போயிருச்சு. பக்கத்துல உக்காந்திருந்தவ, நல்ல பட்டுச்சீலை, எந்திரிச்சுக் கத்தறா. "ஆருங்க இது தண்ணி கொட்டுனது?"

மயிலாள் அவளை நிமிந்து பாத்து, "நாந்தானுங்க. வயித்துக்குள்ள இருந்த தண்ணி. மூடி சரியில்லீங்க," ன்னா.

பட்டுச்சீலைக்காரி வாந்தியெடுத்தா. கண்டக்டர் நடுவழியில எறக்கி விடறேன்னான். நான் வாயைத் தொறந்தேன். நான் என்ன சொன்னேன்னு இங்க சொல்றதுக்கில்ல. எறக்கி விடல.

ஆஸ்பத்திரியில ஒரு பொம்பளை டாக்டர். கண்ணாடி போட்ட ஒல்லிப் பொண்ணு. சுத்தி நிறையப் படிக்கற பசங்க, மீசை மொளைக்காத மூஞ்சிக, இவ வாயைப் பொளந்து பாக்கறதும் கையத் தடவறதும். அந்த டாக்டரம்மா ஊசி ஒண்ணை எடுத்துக் கைமேல குத்துனா. "தெரியுதாம்மா?"

"ஊசியில குத்துனாத் தெரியாதுங்களா? உங்க கையில குத்திப் பாருங்க."

டாக்டரம்மா கோவிச்சுக்கல. பசங்களப் பாத்து, "பாத்தீங்களா, உணர்ச்சி நல்லா இருக்கு. இது குஷ்டம் இல்லை,"ன்னா. தோலு இறுகற வியாதியாம் இது. ஆருகிட்ட இருந்தும் வாரதில்ல, ஆருக்கும் தொத்தறதில்ல. மேல் தோலு மட்டும் இறுகறதில்ல, உள்ளுக்குள்ளயும் இறுகுமாம். தொண்டைக்குழாய், கொடலு, மூத்திரப்பை. அதுக்கு ஒரு இங்கிலீசுப் பேரு சொன்னா. என்ர வாய்க்குள்ள நொழையல.

அப்பறம், போயி மூத்திரம் பேஞ்சுட்டு வான்னு அனுப்பிச்சா. போயிட்டு வந்ததுக்கப்பறம் ஒரு ரப்பர்க் குழாயை விட்டாங்க. சொன்னா நம்பமாட்டீங்க, பேஞ்சுட்டு வந்தவ வயித்துல இருந்து இன்னும் சொம்பு நெறைய வருது. நாத்தம்னா நாத்தம், செத்த எலி ஊறுன தண்ணி மாதிரி. படிக்கற பையன் ஒருத்தன் கர்ச்சீப்பை எடுத்தான். டாக்டரம்மா ஒரு பார்வை பாத்தா, உள்ள வெச்சுக்கிட்டான்.

"உங்க மூத்திரப்பை விரியவும் மாட்டேங்குது, சுருங்கி முழுசா வெளிய தள்ளவும் மாட்டேங்குது,"ன்னா. "கொஞ்சம் சேர்ந்தாலே முட்டுது. போனாலும் பாதி உள்ள நின்னு கெட்டுப்போகுது. தண்ணி குடிக்காம இருந்தா இன்னும் கெடும். நல்லாத் தண்ணி குடிக்கணும். முட்டற வரைக்கும் காத்திருக்காம நேரம் வெச்சுப் போகணும். ஒரு தடவை போயிட்டு, அப்படியே உக்காந்திருந்து, மறுபடி ஒரு தடவை போகணும்."

"உக்காந்திருக்க முட்டி மடங்கலீங்க."

"குத்துக்கால் வெக்க வேண்டாம்மா. நாற்காலியில உக்கார்ற மாதிரி உக்காந்து போங்க. பெரிய வீடுகள்ல இருக்குமே, அந்த மாதிரி."

மயிலாள் என்னைப் பாத்தா. பெரிய ஊடாம்.

அப்பறந்தான் அந்தக் கூத்து. டாக்டரம்மா வயித்தை அமுக்கிப் பாக்கச் சீலைய எறக்கறா, உள்ள பாத்தா ஒரே முடிச்சு. மயிலாள் சொட்டறதுக்குப் பயந்து, மாசத் தூரத்துக்குக் கட்டற மாதிரி, பனியன் வேஸ்டுத் துணிய நாலா மடிச்சு, இடுப்புல கயிறு போட்டு, அதுல சொருகி முடிச்சுப் போட்டிருந்தா. மேல ஒரு முடிச்சு, பக்கத்துக்கு ஒண்ணு, அவுந்துருமோன்னு இன்னொண்ணு. டாக்டரம்மா வெரலாலயே அவுக்க முடியல. கத்திரி வாங்கி வெட்டுனா.

"இதைத் தினமும் யாரு அவுக்கறது?"

"நாந்தானுங்க. அவுக்கங்காட்டியும் பாதி வந்துருமுங்க."

"பின்ன வந்துட்டுதான் இருக்கும்! இந்த வெரலை வெச்சுக்கிட்டு இத்தனை முடிச்சா? ஏம்மா, ஜட்டி போடறதில்லையா?"

நாங்க ரெண்டு பேரும் சிரிச்சுப்போட்டோம். ஜட்டியாமே! ஜட்டி போடறது பள்ளிக்கோடத்துப் புள்ளைக, நர்ஸம்மாக, சினிமாக்காரிக. எங்க பக்கம் கல்யாணமாயிக் குடும்பம் பண்றவ ஜட்டி போட்டா, எதுக்குடி இவளுக்கு இதுன்னு பொரணி பேசுவாளுக.

"நீங்க என்ன வேலை பாத்தீங்க?"ன்னு கேட்டா டாக்டரம்மா.

"ஜட்டி செக்கிங்குங்க," ன்னா மயிலாள்.

டாக்டரம்மாளுக்குப் புரியவே கொஞ்ச நேரமாச்சு. அப்பறம் சிரிச்சா பாருங்க, கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுக்கிட்டா. படிக்கற பசங்க தலையக் குனிஞ்சுக்கிட்டானுக. மயிலாளுக்கு அந்தச் சின்ன வாய்க்குள்ள சிரிப்பு அடங்கல.

எனக்குச் சிரிச்சதுக்கப்பறம் எரிஞ்சுது. நீங்களே சொல்லுங்க. ஊரு பூரா ராவும் பகலும் மிசின் ஓட்டிச் சீமைக்காரி குண்டிக்கு ஜட்டி தெக்கறோம். இழுத்து இழுத்து எலாஸ்டிக் நல்லாருக்குதான்னு பாத்துப் பாத்து அனுப்பறோம். நம்ம இடுப்புல ஒரு கயிறும் மூணு முடிச்சும். இந்தப் புத்திய என்ன சொல்றது? எங்க ஆத்தா போடல, அவ ஆத்தா போடல, அதனால நாம மூத்திரத்துல நனைஞ்சு சாவோணுமா? சீ.

ஊருக்கு வந்ததும் நானே கம்பெனியில ஒதுக்கிப்போட்ட பீசு நாலைக் கேட்டு வாங்கியாந்தேன். பூப்போட்டது ஒண்ணு, ரோசாக் கலர் மூணு. கட்டைவெரலை எலாஸ்டிக்குள்ள விட்டுக் கீழ தள்ளுனா எறங்கிருச்சு. முடிச்சு இல்ல, ஒண்ணுமில்ல. உள்ள வேஸ்டுத் துணிய மடிச்சு வெச்சுக்கிட்டாத் துளி வெளிய வராது. "எத்தனையோ ஆயிரம் ஜட்டிய இந்தக் கையிலதானுங்க்கா இழுத்துப் பாத்தேன். ஒண்ணை மாட்டிப் பாக்கத் தோணலியே," ன்னா. அதை அவ சிரிக்காமத்தான் சொன்னா.

பாதிச் சங்கடம் அதுல போச்சு. மீதிப் பாதி கக்கூசு.

பழனாயிகிட்டப் போயி எட்டு ஊட்டுக்கும் கேக்கற மாதிரி நான் சொன்னேன். "இது பெருவியாதி இல்ல. பெரியாஸ்பத்திரியில பாத்தாச்சு. தொத்தாது. கக்கூசைத் தொறந்து விடு."

"அது இல்லீன்னா எது? பேரச் சொல்லு,"ன்னா பழனாயி.

பேரு எனக்கு வாயில வரல. மயிலாளும் முழிக்கறா. "தோலு இறுகறதுங்க,"ன்னா.

"பேரு இல்லாத சீக்கா? பெருவியாதின்னாலும் இன்னதுன்னு தெரியும். இது என்ன கெரகமோ!" ன்னுட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா. பேரு தெரிஞ்ச வியாதிய விடப் பேரு தெரியாத வியாதிக்கு எச்சாப் பயப்படுது சனம். பழனாயி ஊட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி, கம்பெனி வெச்சிருக்கறவர், காருல போறவர், அவராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேப்பரை மொகத்துக்கு நேரா விரிச்சுக்கிட்டாரு.

மயிலாளுக்கு வேலையும் வேணும், எடமும் வேணும். பனியன் வேஸ்டு யாவாரம் பண்ற சலாவுதீன் பாய் குடோன்ல போயிக் கேட்டா. கம்பெனியில வெட்டிப் போடற துண்டு துணிய மூட்டை மூட்டையா வாங்கிக் கலர் கலராப் பிரிச்சு விக்கறவன். கலர் பிரிக்க வெரலு மடங்க வேண்டியதில்ல, உள்ளங்கையில தள்ளுனாப் போதும். பாயி வெத்தலைய மென்னு அஞ்சடி தூரத்துக்குத் துப்பற ஆளு. குடோன் செவுரு பூரா அவன் எச்சில்தான். டீ வாங்கிக் குடுத்தா அரை டம்ளரு. ஆனா வியாதியப் பத்தி ஒரு கேள்வி கேக்கல.

"வேலை இருக்கு. அந்த ஓரத்து ரூம்ல தங்கிக்க. கக்கூஸ் கெடையாதும்மா," ன்னான். "நாங்களே பின்னால செவுத்தோரந்தான் போறோம்."

பின்னால போயிப் பாத்தேன். ஆம்பளைக போற செவுரு எப்படி இருக்கும்? பாசியும் நொரையும், கண்ணு எரியுது.

மயிலாள் அங்க நின்னு நிதானமாக் கேட்டா. "நீங்க செவுத்தைப் பாத்துக்கிட்டுப் போவீங்க பாய். நான் எதைப் பாத்துக்கிட்டுப் போறதுங்க?"

பாயி வெத்தலை மெல்லறத நிறுத்திப்போட்டான். "எடம் தாரேன். கட்டறது உன் பாடு. தண்ணிக் கொழா நான் இழுத்துத் தாரேன். தண்ணி இல்லாத கக்கூஸ் என் எடத்துல இருக்கப்படாது, ஆமா,"ன்னான்.

அந்த ஒரு வார்த்தை போதும்னு இவ மூட்டையக் கட்டிட்டா. பழனாயி ஊட்டைக் காலி பண்ற அன்னைக்கு அந்த ரூமைக் கழுவி விட்டுட்டுத்தான் வந்தா. எனக்கு ஆத்திரம். எதுக்குடி கழுவறே, நாறட்டும்னேன். "நாறுனாலும் என்ர பேருலதானுங்க்கா நாறும்," ன்னா.

கட்டறதுக்குக் கையில என்ன இருக்குது? கழுத்துல தாலி இருந்துச்சு. மஞ்சக்கயித்துல பொன்னு, ரெண்டு பக்கமும் குண்டு. ஒரு நாள் அதை அவுத்து முந்தியில முடிஞ்சுக்கிட்டு என்னைக் கூப்புட்டா. நகை ஆசாரிகிட்டப் போயி நீட்டுனதும் அவன் பயந்துட்டான். "புருசன் இருக்கறாருங்களா?"ன்னான்.

"கணியூர்ல இருக்கறானுங்க. வேணும்னாப் போயிக் கேட்டுட்டு வாங்க," ன்னா.

ஆசாரி என்னைப் பாக்கறான், நான் எதாவது தடுப்பேன்னு. நான் எதுக்குத் தடுக்கறேன்? என்ர புருசன் செத்தன்னைக்கு அந்த இழவு வாசல்ல வெச்சு எல்லாருஞ் சேந்து என்ர தாலிய அறுத்தாளுக, அவளுகளுக்கு அதுல அத்தனை அவசரம். ஓடிப்போனவன் பொன்னை ஒருத்தி அவளாவே அவுத்து வித்தா மட்டும் வானம் இடிஞ்சு விழுந்துருமா? "எடை போடப்பா,"ன்னேன்.

லைன் ஊட்டுக்குச் சேதி போயிருச்சு. தாலிய வித்துக் கக்கூஸ் கட்டறான்னு பழனாயி தெருவெல்லாம் சொல்லிச் சிரிச்சாளாம். மயிலாள் கேட்டுட்டு, "சரியாத்தானுங்க சொல்லியிருக்கறாங்க,"ன்னா.

கொத்துக்காரன் காசிமாயன், மதுரைப் பக்கத்து ஆளு, செங்கல் வெச்சு நாலு செவுரு எழுப்பி, குழி தோண்டிக் குடுத்தான். "கோப்பை எது வேணும் தாயி? குந்துறதா, உக்காருறதா?"ன்னு கேட்டான். உக்காருறதுன்னு சொன்னதும் அவனுக்கும் சிரிப்பு. வேஸ்டுக் குடோன்ல சீமைக் கக்கூசான்னு.

கோப்பை வாங்க நானும் அவளும்தான் போனோம். கடைக்காரன் ஒடம்பு பூரா பவுடர் வாசனை. "எந்த பங்களாவுக்குங்க? முதலாளி வரலீங்களா?"ன்னான்.

"எனக்குத்தானுங்க," ன்னா மயிலாள்.

மேலயும் கீழயும் பாத்தான். அவ கையப் பாத்ததும் ஒரடி தள்ளி நின்னுக்கிட்டான். வந்துச்சு பாருங்க எனக்கு. அவனை நாலு வார்த்தை கேக்கலாம்னு வாயெடுத்தா, மயிலாள் என்ர கையப் புடிச்சு நிறுத்திப்போட்டா. அவளுக்கு அவன் மூஞ்சி கண்ணுலயே படல. வரிசையா வெச்சிருந்த கோப்பையத்தான் பாக்கறா. நேராப் போயி, ரோட்டுல போறவங்க எல்லாரும் பாக்க, வெள்ளைக் கோப்பை ஒண்ணு மேல உக்காந்துட்டா. கடைக்காரன் "அம்மா, அம்மா"ங்கறான். காலேசுப் பொண்ணுக ரெண்டு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே போகுது. இவ அசையல. முட்டியத் தடவிப் பாக்கறா, காலை நேரா வெச்சுப் பாக்கறா, செவுத்தைப் புடிக்காம எந்திரிச்சுப் பாக்கறா. மறுபடி உக்காந்தா.

"செரியா இருக்குதுங்க்கா," ன்னா. அப்பத்தான் அவ மொகம், அந்த இழுத்துக் கட்டுன மொகம், கொஞ்சம் எளகுன மாதிரி இருந்துச்சு.

கடைக்காரன் எழுநூத்தி அம்பது சொன்னான். இவ எந்திரிக்கவே இல்ல, உக்காந்த எடத்துல இருந்தே பேரம் பேசுனா. சீக்கிரம் எடத்தைக் காலி பண்ணுனாப் போதும்னு அவன் கொறைச்சான். கோப்பை அறுநூத்தி எம்பது ரூபா. மூடி தனியாம், அதுக்குத் தொண்ணூறு. அதையும் எண்ணிக் குடுத்து வாங்கிக்கிட்டா.